பாய்லருக்குக் காதுகுத்து

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று முதல் நாம் கத்துவதில்லை. டாக்டர் உத்தரவு. ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியின் முள், என் கையைத் தொட்டதும் வட்டத்தை விட்டு வெளியே குதித்து ஓடப் பார்த்ததாம். "கத்தணும்னு தோணினா எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். திருப்பூர் மங்கலம் ரோட்டில் மூன்று பனியன் கம்பெனிகள் என் குரலைக் கேட்டுத்தான் ஷிப்டு மாற்றிக்கொண்டிருந்தன. இனி அவர்கள் சங்கு வாங்கியாக வேண்டும்.

ஆகவே, எதிர்கால மனித குலம் அறிவதாக. நான் சென்னியப்பன். துணி பின்னுவது, சாயம் ஏற்றுவது, தைப்பது என்று மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் சாம்ராஜ்யத்தின் அதிபதி. கூரை தகரம். வெளிநாட்டுக் கடிதங்களைக் கவனிக்கும் மகாமந்திரி என் தங்கை மகள் தாரணி.

மகாமந்திரி இன்று காலையில் லேப்டாப்போடு வந்தாள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமிலிருந்து மெயில். நாங்கள் தைக்கும் குழந்தைப் பனியனில் பாதிக்கு மேல் அவர்கள்தான் வாங்குகிறார்கள். இந்த முறை பனியனில் நீலக் கடல் நடுவே ஒரு பனிக்கரடி; அதன் கீழே "என் வீடு உருகுகிறது" என்று டச்சு மொழியில் ஒரு வரி.

"மாமா, நாம பண்ற ஒவ்வொரு கிலோ துணிக்கும் எவ்வளவு கார்பன் புகை போகுதுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. இந்த சீசன் முடியறதுக்குள்ள அதுல கால்வாசி குறைக்கோணுமாம்."

"என்ற பாய்லர் புகை ரோட்டர்டாம் வரைக்குமா போகுது? விசா யாரு குடுத்தா?"

"சிரிக்காதீங்க மாமா. குறைக்கலீன்னா அடுத்த வருஷம் ஆர்டர் இல்லைங்கறாங்க."

சிரிப்பை நிறுத்தினேன். அந்த ஆர்டர் போனால் வருஷத்தில் பாதி நாள் பாய்லர் பற்றவே பற்றாது. அப்புறம் தகரத்தைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, நானும் பாய்லர் ஆபரேட்டர் அம்மாசையும் எதிரெதிரே உட்கார்ந்து தாயம் ஆட வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். எங்கள் நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வருகிறது. சாயப்பொடி சீனாவிலிருந்து வருகிறது. பனியன் ரோட்டர்டாமுக்குப் போகிறது. இந்தப் பட்டறையில் உலகம் சுற்றாத ஒரே ஜீவன் நான். முன்பெல்லாம் விறகுதான் எரித்தோம். பேங்க் கூப்பிட்டுக் கடன் கொடுத்து, பெரிய பாய்லரை வைத்து, ஏற்றுமதியும் பெருகிய பிறகு விறகு அதற்குப் பல்லிடுக்குக்குக்கூடப் போதவில்லை. அன்று எனக்கு மாலை போட்டவர்கள் இன்று புகை அதிகம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கரடி நிற்கும் கடலுக்கு நீலம் சாயமேற்றி, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை ஒப்புதலுக்கு ரோட்டர்டாமுக்கு அனுப்பினோம். அந்தத் துண்டும் விமானம் ஏறிவிட்டது. கத்தவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பேங்க் மேனேஜர் இசக்கியப்பன் எழுந்தருளினார். தென்காசிப் பக்கத்துக்காரர். உட்காரும் முன்பே "பசுமைக் கடன்" என்று சொல்லி வழவழப்பான புத்தகம் ஒன்றைப் பிரித்தார். அட்டையில் ஒரு காற்றாலை. அதன் நிழலில் சிரிக்கும் குடும்பம். எந்த பேங்கிலும் அவர்களுக்குப் பாக்கி கிடையாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, பழைய பாய்லரத் தூக்கிப் போடுங்க. இதவிட ரெண்டு மடங்கு பெருசா புதுசு ஒண்ணு. கூடவே ரெண்டு சாய மெஷின். கிலோவுக்கு முப்பது சதம் புகை குறையும். வட்டியிலயும் சலுகை. நான் சொல்லுதேன், கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"பாய்லர் சரிங்க. சாய மெஷின் எதுக்குங்க?"

"இவ்ளோ பெரிய கடன அடைக்க வருமானம் வேணும்லா? துணி ரெண்டு மடங்கு ஓடினாத்தான் தவணை கட்ட முடியும்."

தாரணி கணக்குப் போட்டாள். "சார், கிலோவுக்கு முப்பது குறையுது, துணி ரெண்டு மடங்காகுது. அப்போ இன்னைக்கு நூறு போற புகை, கடன் வாங்கினப்புறம் நூத்தி நாப்பது போகும்."

"கிலோவுக்குக் குறைஞ்சிருக்கு பாத்தியளா?"

"வானத்துக்குக் கிலோக் கணக்குத் தெரியுமாங்க?" என்றேன். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியைக் குறைத்துக்கொண்டு, இட்லியை இரண்டு மடங்காகத் தின்றுவிட்டு, நான் இளைத்துவிட்டேன் என்று ஒருவன் ஊரெல்லாம் சொல்லித் திரிவதைப் போல் இருக்கிறது இது.

அப்புறம் என் திட்டத்தைச் சொன்னேன். எங்கள் ஆவிக் குழாய்கள் உடுப்பில்லாமல் கிடக்கின்றன. பாதிச் சூடு வழியிலேயே பட்டறையைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. மூட்டுக்கு மூட்டு ஆவி ஒழுகுகிறது. ஆவி குளிர்ந்து வெந்நீராகித் திரும்பும்போது அதை மகாராஜா மாதிரி சாக்கடைக்குத் தானம் செய்கிறோம். குழாய்க்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, ஒழுகலை அடைத்து, வெந்நீரைத் திரும்ப பாய்லருக்கே விட்டால் நிலக்கரி தானாகக் குறையும். "நீங்க சொல்ற கடன்ல பத்துல ஒரு பங்கு போதுமுங்க."

இசக்கியப்பன் முகம் வாடியது. "அண்ணாச்சி, பாய்லர்னா ஜப்தி பண்ணலாம். மெஷின்னா ஏலம் விடலாம். பைப்புல சுத்துன பஞ்ச நான் எங்க கொண்டுபோய் விக்கது?"

"அப்ப பெருசாகறவனுக்குத்தான் கடன். அளவா இருக்கறேங்கறவனுக்கு இல்லை."

"நான் எழுதுன சட்டமா அண்ணாச்சி?"

காபி குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். புத்தகம்தான் சரியில்லை.

அவர் போனதும் தாரணி பிடித்துக்கொண்டாள். "மாமா, ரோட்டர்டாம்காரங்க கேக்கறதும் கிலோக் கணக்குத்தான். கடனை வாங்கிட்டா சர்டிபிகேட் தானா வந்துரும். ஆர்டரும் பெருசாகும். எதுக்கு வம்பு?"

"அம்மிணி, நான் இந்த ரோட்டுலதான் மூச்சு விடறேன். கிலோக் கணக்குல விடறதில்லை."

"அப்போ பஞ்சுக்குப் பணம்?"

அதற்குப் பதில் சொல்லாமல் கம்பீரமாக எழுந்து வெளியே போனேன். பதில் இல்லாத நேரத்தில் கம்பீரம் கைகொடுக்கும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வரலாறு திரும்பிய நாள். இடம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

யார் வீட்டிலோ காதுகுத்து. பத்திரிகை வந்திருந்தது. என் இல்லத்தரசி பூவாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டே ரசம் ஊற்றினாள். "ஏனுங்க, மொய் எவ்வளவு வெக்கறது?"

"போன தடவை மாதிரியே வெச்சுரலாம்."

"கல்யாணமான நாள்ல இருந்து ஊர் விசேஷத்துக்கெல்லாம் வெச்சுட்டே இருக்கறோம். நமக்குத் திருப்பி வெக்க யாருக்கும் வாய்ப்பே வரல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் ரசத்தில் கையை விட்டபடி உறைந்துபோனேன். மொய்! வட்டி கிடையாது. ஜாமீன் கிடையாது. ஜப்தி கிடையாது. விசேஷம் வைத்தால் சுற்றமும் நட்பும் வந்து சாப்பிட்டு, கையில் பணத்தைக் கொடுத்துப் பெயரை எழுதிவிட்டுப் போகும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைப்போம். உலக வங்கிகள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாத ஏற்பாடு. நாம் ஊர் பூராவுக்கும் வைத்திருக்கிறோம். நமக்கு விசேஷம்தான் இல்லை.

"பாய்லருக்குக் காதுகுத்து வெச்சா என்ன?" என்றேன்.

திட்டுவாள் என்று தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தேன். அவள் ரசக் கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே ஒன்றும் இல்லை. பிறகு காலண்டரைப் புரட்டினாள்.

"ஆவணிலயே நல்ல முகூர்த்தம் இருக்குதுங்க," என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பத்திரிகை அடித்தாயிற்று. "எங்கள் இல்லச் செல்வன் சிரஞ்சீவி பாய்லருக்கு." அச்சகத்துக்காரர் எழுத்துப் பிழை என்று நினைத்து மூன்று முறை போன் செய்தார். தாரணி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், பத்திரிகையில் முகவரி தப்பாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் வாயைத் திறந்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை மூன்று முறை கீழே வைத்துவிட்டேன். சாப்பாடு அதிகம், வேறு காரணம் இல்லை.

அவிநாசியிலிருந்து தாராபுரம் வரை வாகனங்கள் நின்றன. சரி, பட்டறை வாசலிலிருந்து மூலை டீக்கடை வரை. சிரிக்க வந்தவர்கள் பாதி, சாப்பிட வந்தவர்கள் பாதி. எல்லோருமே மொய் வைத்துவிட்டுப் போனார்கள். நாற்பது வருஷம் நான் வைத்ததை எவனும் மறக்கவில்லை.

காது குத்த வந்த ஆசாரி பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "காது எதுங்க?"

அம்மாசை முன்னால் வந்தான். "பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு வால்வு இருக்குதல்லங்க, அதுதான் காது. பிரஷர் ஏறுனா அதுலதான் கத்தும்."

"கத்தறது வாய் அல்லங்க?"

"எங்க மொதலாளிக்கு வாயும் காதும் ஒண்ணுதானுங்க. மகனுக்கும் அப்படித்தான்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மாசைக்கு நாளைக்கு இருக்கிறது.

தாய்மாமன் சீர் வேண்டும் அல்லவா? பூவாத்தாளின் தம்பி ராசப்பன் மேளத்தோடு வந்தான். தாம்பாளத்தில் பழம், தேங்காய், புடவை. கடைசித் தாம்பாளத்தில் குங்குமப் பொட்டு வைத்த கண்ணாடிப் பஞ்சுச் சுருள். "மருமகனுக்குச் சட்டை," என்றான். நான் சொல்லித் தரவில்லை. சத்தியம்.

இசக்கியப்பனும் வந்தார். கூச்சத்தோடு ஒரு கவரை நீட்டினார். "இது பேங்க் பணம் இல்ல அண்ணாச்சி. என் சம்பளம். என் மகளுக்கு அடுத்த வருஷம் சடங்கு வைப்போம். வந்திரணும்."

"ஜாமீன் வேண்டாமுங்களா?"

"சும்மா இருங்க அண்ணாச்சி."

பூவாத்தாள் அரக்குப் பட்டில் வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்ன வெல்வெட் டப்பாவைத் திறந்தாள். குழந்தைக் கம்மல் ஒரு ஜோடி. மிளகு அளவுக்கு. மஞ்சள் நூலில் கோத்து, இரண்டு வால்விலும் ஒவ்வொன்றாகக் கட்டினாள். எந்தக் காலத்தில் வாங்கி வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அப்போது என் கண்ணில் புகை பட்டுவிட்டது. பாய்லர் அணைத்திருந்தது என்று இந்தத் தாரணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 9, திங்கள்

பஞ்சுக்குப் போதும். வெந்நீர்க் குழாய்க்கும் போதும். மிச்சத்துக்கு மைசூர்பாகு வாங்கி ஆட்களுக்குக் கொடுத்தோம்.

செப்டம்பர் 21, சனி

குழாய்களுக்கெல்லாம் உடுப்பு போட்டாயிற்று. இமயமலைக்கே போர்வை போர்த்தியதைப் போன்ற உழைப்பு. அம்மாசை இரண்டு வாரமாக முறைத்துக்கொண்டு திரிகிறான். "குழாய்க்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டுட்டீங்க மொதலாளி. எனக்கு ஒரு கைலி உண்டா?"

"நீயும் ஒழுகினா உனக்கும் சுத்தறேன்."

"ஒழுகறேனுங்க. வேர்வை."

கைலி வாங்கிக் கொடுத்தாயிற்று. முன்பெல்லாம் சனிக்கிழமை மதியமே நிலக்கரி தீர்ந்து, லாரிக்காரரை நானே மானசீகமாகக் கும்பிடுவேன். இன்று சனிக்கிழமை சாயங்காலம். மூலையில் இன்னும் ஒரு குவியல் கிடக்கிறது. அதன் முன்னால் நின்று பார்த்தேன். நிலக்கரியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் பூலோகத்தில் நான் ஒருவன்தான்.

செப்டம்பர் 27, வெள்ளி

ரோட்டர்டாம்காரர்கள் அனுப்பிய புகைக் கணக்குத் தணிக்கையாளர் சென்னையிலிருந்து வந்து மூன்று நாள் குறிப்பெடுத்தார். கால்வாசி கேட்டார்கள். அதற்கும் மேலேயே குறைந்திருக்கிறது. துணி ஒரு கிலோகூடக் கூடாமல்.

"மாமா, நிஜமாவே மொத்தப் புகை குறைஞ்சிருக்கு," என்றாள் தாரணி. வாய்க்குள்ளேயே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நான் பெருந்தன்மையாகப் பட்டறையைச் சுற்றி நாலு ரவுண்டு மட்டும் வந்தேன்.

ஆனால் நீலம்தான் இழுக்கிறது. ஆகஸ்டிலிருந்து துண்டு மேல் துண்டாக விமானத்தில் அனுப்புகிறோம். கொஞ்சம் அழுத்தம் கூட, கொஞ்சம் பச்சை கலந்திருக்கிறது, கொஞ்சம் சோகமாக இருக்கிறது என்று திரும்பத் திரும்ப வருகிறது. சோகம்! ரோட்டர்டாமில் எந்நேரமும் மேக மூட்டமாம். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் எனக்கே சோகமாகத்தான் இருக்கும். அவர்கள் சரி என்று சொல்லாமல் நாங்கள் சாயம் ஏற்ற முடியாது. நாள் போகிறது.

அக்டோபர் 3, வியாழன்

ஒரு திருவிளையாடல் நடத்தினேன். முதன்முதலில் வேண்டாம் என்று சொன்ன அதே நீலத்தில் இன்னொரு துண்டை வெட்டி, "ஏழாவது மாதிரி" என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன்.

அக்டோபர் 9, புதன்

"பிரமாதம். இதே கடல்தான் எங்களுக்கு வேண்டும்" என்று பதில் வந்தது. சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தேன். காரணத்தைச் சொன்னதும் தாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் வெளுத்தது.

"மாமா, இது தெரிஞ்சா ஆர்டர் போச்சு. ஏமாத்துக்காரங்கன்னு சொல்லிருவாங்க. இதை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"கண் அவியளது, நீலம் நம்மளது. யாரு யாரை ஏமாத்துனா?"

"மூச்சு விடாதீங்க மாமா."

சரி, விடவில்லை. ஏழு வாரம் பறந்தே போனது. ரா பகலாகச் சாயம் ஏற்றுகிறோம்.

அக்டோபர் 28, திங்கள்

லீஸ்பெத் அம்மணி வீடியோவில் தோன்றினார். ரோட்டர்டாமில் எங்கள் ஆர்டரைப் பார்ப்பவர். வைக்கோல் நிறத் தலைமுடி, நல்ல சிரிப்பு. எங்கள் புகைக் கணக்கைப் பார்த்துப் பாராட்டினார். எங்கள் குழாய்களின் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம்தான் விஷயம் வந்தது. நவம்பர் முதல் வாரம் சரக்கு தயார். கப்பலில் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவர்கள் கடையில் கரடி டிசம்பர் பிறக்கும் முன் தொங்கியாக வேண்டும். ஆகவே மொத்தமாக விமானத்தில் ஏற்றுங்கள், செலவு உங்களுடையது என்கிறார். திருப்பூரில் எல்லோருக்கும் பழகிப்போன தண்டனைதான். யார் தாமதித்தாலும் விமானக் கூலி தைத்தவன் தலையில்.

தாரணி பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த கணக்கைத் திருப்பிக் காட்டினாள். கப்பலைவிட விமானத்தில் ஐம்பது மடங்குக்கு மேல் புகை. குழாய்க்குப் பஞ்சு சுற்றி ஒரு மாதம் மிச்சம் பிடித்ததை ஒரே பறப்பில் வானத்தில் கொட்டிவிட்டு வரலாம்.

"இந்தப் புகை யாரு கணக்குல ஏறும்னு கேளு அம்மிணி."

கேட்டாள். பதிலை எனக்குச் சொல்லச் சிரமப்பட்டாள். "கூலி கட்டறது நாமதானே... அதனால நம்ம கணக்குல ஏறுமாம் மாமா. அப்படி ஏறினா கால்வாசி குறைச்சது காணாம போயிரும். சர்டிபிகேட்டும் கிடைக்காது."

நான் கத்தவில்லை என்று எழுத ஆசைதான்.

மூன்று கம்பெனியிலும் ஷிப்டு மாறியது.

அக்டோபர் 29, செவ்வாய்

மெயில் எழுதினோம். நான் முழங்க, தாரணி தட்டினாள்.

"எழுது. மாட்சிமை பொருந்திய லீஸ்பெத் அம்மணிக்கு."

"மாட்சிமை வேண்டாம் மாமா."

"சரி, அம்மணிக்கு. விமானத்தில் அனுப்ப நாங்க தயார். ஒரே ஒரு நிபந்தனை. இந்தப் பறப்போட புகை ரோட்டர்டாம் கம்பெனி கணக்குல ஏறும்னு ஒரு வரி எழுதி, பொறுப்பானவங்க யாராவது கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. கையெழுத்து இல்லீன்னா சரக்கு கப்பல்ல வரும். ரத்து பண்றதா இருந்தா தாராளமா பண்ணுங்க. கரடிப் பனியனை எங்க ஊர்ப் பிள்ளைங்க போட்டுக்குவாங்க. அவங்க கரடியே பாத்ததில்லை, சந்தோஷப்படுவாங்க."

தட்டி முடித்துவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "தாமதம் யாரால வந்ததுன்னு இதுல இல்லையே மாமா."

"நீதான் மூச்சு விடாதேன்னு..."

"முதல் நீலமும் ஏழாவது நீலமும் ஒண்ணுதான்னு எழுதறேன். ஆதாரத்துக்கு ரெண்டு துண்டையும் போட்டோ எடுத்துச் சேக்கறேன்."

"ஏமாத்துக்காரங்கன்னு சொல்லுவாங்கன்னு நீதானே அம்மிணி சொன்னே?"

"சொல்லட்டும் மாமா. ஏழு வாரம் அவங்க ஜன்னல் வெளிச்சத்துக்காக நாம காத்துட்டு இருந்தோம். அந்தப் புகையை நாம சுமக்கோணுமா?"

இந்தக் குரலை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். மங்கலம் ரோட்டில்தான்.

அக்டோபர் 30, புதன்

காலையில், மெயிலில் "ரத்து பண்ணுங்க" என்ற வரியை மட்டும் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று கேட்டேன், இலக்கண நோக்கில். நேற்றே அனுப்பிவிட்டாளாம்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

பதில் இல்லை. எனக்குக் கவலையும் இல்லை. ஆட்களுக்கு போனஸ் கொடுத்து, இனிப்புக் கொடுத்து, வீட்டுக்கு வீடு போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். புதுச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன் என்று பூவாத்தாள்தான் சொன்னாள். இந்த வருஷம் இதுதான் மோஸ்தர் என்று சொல்லிவிட்டேன்.

"ஆர்டர் போனா போகுதுங்க," என்றாள். "தாயம் ஆடறதுக்கு அம்மாசையைக் கூப்பிட வேண்டாம். நான் ஆடறேன்."

தாயம் பற்றி நான் அவளிடம் எதுவும் பேசியதில்லை. இந்த டைரியை இனி அலமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும்.

நவம்பர் 1, வெள்ளி

மத்தியானம் லீஸ்பெத் அம்மணி வீடியோவில் வந்தார். இன்று சிரிப்பு இல்லை. பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். தாரணி தலையை மட்டும் ஆட்டினாள். நான் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மேஜை ஆடியதால்.

"என்னங்கறாங்க?"

"இருங்க மாமா."

"ரத்தா?"

"இருங்க மாமா! கையெழுத்துப் போட யாருமே வரலையாம். இவங்க அந்த ஒரு வரியைத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறியிருக்காங்க. போக்குவரத்து பாக்கறவரு அது என் கணக்குல வராதுன்னுட்டாராம். விற்பனைக்காரரும் மாட்டேன்னுட்டாராம். புகையைக் குறைக்கறதுக்குன்னே ஒரு பெரிய அதிகாரி இருக்காராம். அவரு படிச்சுப் பாத்துட்டு, இதுவரைக்கும் இப்படி எத்தனை விமானத்தைத் தைக்கறவங்க தலையில கட்டியிருக்கோம்னு கேட்டாராம். அந்தக் கணக்கை எடுத்துட்டு வரச் சொல்லிட்டாராம்."

"அது கெடக்கட்டும். சரக்கு?"

"கப்பல்ல வரட்டும்னுட்டாங்க. கரடி தை மாசம் கடைக்கு வருமாம். அங்க அப்பவும் குளிருதான்."

"நீலத்தைப் பத்தி?"

"ரெண்டு துண்டையும் ஜன்னல்ல வெச்சுப் பாத்தாங்களாம். அப்பவும் ஏழாவதுதான் நல்லா இருக்குதாம்."

அதோடு முடியவில்லை. அம்மணிக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. புகைக் கணக்கில் நாங்கள்தான் முதலிடமாம். அதனால் அடுத்த வருஷம் எங்களுக்கு இரண்டு மடங்கு ஆர்டர் தருவதாக மேலிடம் சொல்லியிருக்கிறதாம். இரண்டு மடங்கு! நாற்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கண் முன்னால் புது பாய்லர், புதுத் தகரம், அட்டையில் சிரிக்கும் குடும்பம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாயைத் திறந்தேன்.

தாரணி முந்திக்கொண்டாள். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்த வார்த்தை "நோ" ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது. அப்புறம் எனக்கு விளக்கினாள்: "இதே அளவு போதும்னு சொன்னேன் மாமா. மிச்சத்தை இந்த ரோட்டுல வேற பட்டறைக்குக் குடுங்க, அவங்களும் முதல்ல குழாய்க்குப் பஞ்சு சுத்தட்டும்னேன். அதை எழுதிக்கிட்டாங்க. நமக்கு அடுத்த வருஷமும் இதே அளவு ஆர்டர் உறுதி." லேப்டாப்பை மூடினாள். "தப்பா சொல்லிட்டேனா?"

"சொல்ற விதத்துல இன்னும் கொஞ்சம் சத்தம் வேணும்," என்றேன்.

பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். காற்று வாங்க. வெகு நேரம் காற்று வாங்கினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கண்டெய்னர் லாரி சாயங்காலம் வந்தது. அட்டைப் பெட்டிகளை ஏற்றி முடிக்க இருட்டிவிட்டது. அம்மாசை கதவைச் சாத்த, தாரணி சீல் வைத்தாள். டிரைவர் தூத்துக்குடிக்காரப் பையன். ஏறி உட்கார்ந்ததும் இன்ஜினை உறுமவிட்டான்.

"ஏற்றுமதிச் சரக்குல்லா, நிக்காம அடிச்சு விரட்டிப் போயிருதேன் முதலாளி. விடியறதுக்குள்ள துறைமுகத்துல நிப்பேன்."

"கப்பல் என்னைக்குக் கிளம்புது?"

"நாளன்னைக்குத்தான்."

"அப்புறம் எதுக்குடா விரட்டறே? இன்ஜினை அமத்து. எறங்கி வந்து சாப்பிடு."